இடது விலாவில் ஒரு தையல்

1

இந்த ஆவணியோடு நாங்கள் இந்தக் கரைக்கு வந்து பத்து வருடம். ஊர் வாசிகசாலை ஆண்டு மலருக்கு வெளியில் இருக்கிறவர்களும் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். ஆள் மூலம் கடிதம் வந்தது. ஜேர்மனியில், கனடாவில் இருக்கிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள். எங்களுக்குப் பனி இல்லை. அம்பத்தூர் வெயில்தான். மன்னார்க் கரையிலிருந்து ஒரு படகுத் தூரம், பிறகு ஒரு ராத்திரி ரயில். என்றாலும் வெளிநாடு வெளிநாடுதான், தமிழ் பேசுகிற வெளிநாடு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். கடைக்குட்டி வசந்தி, "நீ சொல்லும்மா, நான் எழுதறேன்" என்றாள். விடவில்லை. அவள் எழுதினால் அது அவளுடைய பேச்சாகப் போய்விடும். பதினொரு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கின பிள்ளை இப்போது தட்டெழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணி, இந்த ஊர்ப் பிள்ளையாகவே ஆகிவிட்டாள். அக்கம் பக்கத்தில் நின்று பேசினால் அவள் எங்கிருந்து வந்தவள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்தால் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பத்து வருடமாகியும் கடையில் சவுக்காரம் என்று கேட்டுவிட்டுப் பிறகு சோப்பு என்று திருத்துகிறேன்.

அகதிகள் என்று மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேசனில் கையெழுத்து வைக்க வேண்டும். போன மாதம் புதிதாக ஒரு எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர், வாங்கில் இருக்கச் சொன்னார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "பத்து வருஷமா? எப்படிம்மா பொழுது போகுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் வசந்தி சொன்னாள்:

"ஊட்ல சும்மாதான் சார் இருக்காங்க."

அவர் தலையாட்டினார். நான் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். வழி முழுக்க அது என்னைக் குடைந்துகொண்டு வந்தது. நான் சும்மா இருக்கிறவளா? பக்கத்து மேனாம்பேட்டில், தையல் நடக்கிற ஒரு தகரக் கொட்டகையில், காலர் வைக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவள் நான். என்றாலும் பிள்ளையைப் பேச முடியாது. வந்த புதிதில் நானேதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. மிச்சத்துக்கு வாயை மூடிக்கொண்டு இரு. இது எங்கடை இடம் இல்லை."

அந்தப் பாடத்தை எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன். அதனால் போன வருடம் ஒரு மனிதருடைய பிழைப்பே போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

எங்கள் கொட்டகையில் தைப்பது தோல் கோட்டு. சாதாரணக் கோட்டு இல்லை. பழைய பெரிய யுத்தத்தில் வெள்ளைக்காரர் விமானம் ஓட்டும்போது போட்ட கோட்டுகளை, அப்படியே அச்சு அசலாகத் திரும்பச் செய்கிறது. வெள்ளைக்காரர் நாடுகளில் இதை ஆசைக்கு வாங்கிப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களாம். ஒரு பழைய கோட்டு மாதிரிக்கு வரும். அதைப் பார்த்து அளவு அட்டை வெட்டி, ஆட்டுத் தோலில் நாற்பது, ஐம்பது செய்து கப்பலில் அனுப்புவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு இது தெரியாது. ஊரில் சட்டை தைத்த கை. என் மனுசன் பஸ் கொண்டக்டர், அவர் தோளில் போடுகிற தோல் காசுப் பை ஒவ்வொரு வருடமும் அறும், அதை நான்தான் ஊசி நூல் போட்டுப் பொத்திக் கொடுப்பேன். அந்தத் தைரியத்தில் தோல் தெரியும் என்று சொல்லிவிட்டேன். மேசைக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டெல்லா, ஆவடியில் இருந்து வருகிற வேதக்காரப் பிள்ளை, கோட்டுக் கைக்கு வெட்டின ஒரு தோல் துண்டை என்னிடம் தந்தாள்.

"இத்த ஒட்டி, சுத்தியல்ல தட்டி வைங்க சிலோன்மா."

"இது ஆர் போடுறது பிள்ளை?"

"பிளேன் ஓட்றாங்களே, அவுங்க. மேலேர்ந்து குண்டு போடுவாங்கல்ல, அவுங்க கோட்டுமா இது."

நான் அந்தத் துண்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போனேன். கையைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கின சனம் நீங்கள். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்று நான் அந்தக் குழிக்குள் இருந்து எத்தனை தரம் யோசித்திருப்பேன். அவனுக்குக் கோட்டுத் தைக்கவா படகேறி வந்தேன்?

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ஒட்டினேன், தட்டினேன். வீட்டில் பிள்ளை இருக்கிறாள். கோட்டு யாருடையது என்று நினைக்காமல், தையலை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தையல் தையல்தானே. ஆறு மாதத்தில் காலர் என் கைக்கு வந்தது.

தோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது அப்போதுதான் விளங்கும். துணியில் பிழையாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம், ஊசி போன வழி மூடிவிடும். தோல் மூடாது. ஒருமுறை குத்தினால் அந்தத் துளை அந்தத் தோல் இருக்கும் வரைக்கும் இருக்கும். அதனால் நாங்கள் குண்டூசிகூடக் குத்துவதில்லை, கவ்விதான் போடுவோம்.

3

அட்டை வெட்டுகிற மாஸ்டர் தஸ்தகீர் பாய். பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் வளர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். ஒரு தோலைத் தரையில் விரித்துவிட்டு முழங்காலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே கழுத்து, எங்கே வயிறு, எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று கையால் தடவித்தான் வெட்டுவார். வாய் மட்டும் கொஞ்சம் சூடு. யாரும் வேலைக்கு யோசனை சொன்னால் பிடிக்காது.

போன வருடம் தை மாதம், ஒரு கோட்டுக்கு உள்துணி கொஞ்சம் அகலம் குறைவாக இருக்கிறது என்று நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவர் எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அத்த சொல்றதுக்கு நான் கீறேன்மா. நீங்க தைங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா, "மாஸ்டர் இன்னிக்கு நாஸ்தா துன்னாம வந்துகினாரு போல" என்று சொல்லி அதைப் பகிடியாக்கப் பார்த்தாள். எனக்குப் பகிடியாகப் படவில்லை. நான் ஒருத்தரிடமும் பேச்சு வாங்கிப் பழகாதவள். என் மனுசன்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இனி இந்த மனிதரிடம் தையலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சொன்னதைத் தைப்பேன், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஒரு புது மாதிரி வந்தது. புது என்றால் ஐம்பது வருடப் பழசு. கையில் எடுத்தால் நாய்க்குட்டி மாதிரிப் பாரம். கூட வந்த கடிதத்தை முதலாளி படித்துச் சொன்னார். ஒரு தையலும் மாறக் கூடாதாம். யுத்த நேரத்தில் அவசரத்தில் தைத்ததால் பை கொஞ்சம் கோணலாக இருக்குமாம், அந்தக் கோணலும் வேண்டுமாம். மாஸ்டருக்குச் சரியான சந்தோசம். கோணலைப் பிடிப்பதுதான் கெட்டித்தனம் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அட்டை வெட்டினார்.

அந்தக் கோட்டில், இடது கையின் கீழே விலாத் துண்டில், பிறை மாதிரி ஒரு வெட்டு. அதன் மேல் இரண்டு வரித் தையல், வளைந்து வளைந்து. வலப் பக்கம் அது இல்லை. மாஸ்டர் அதையும் அட்டையில் எடுத்தார். ஒவ்வொரு வளைவையும் ஊசி முனையால் புள்ளி வைத்து எடுத்தார். இடப் பக்கம் மட்டும் இருப்பது, ஏதோ குழாய் வைக்கிற வழியாக இருக்கும் என்று சொன்னார்.

உள்துணி பார்க்க என்னிடம் கோட்டு வந்தது. ஓரத்தைப் பிரித்து உள்ளே கையை விட்டேன். அந்த வெட்டுக்குப் பின்னால் என் விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. ஒன்று இல்லை, நாலைந்து. மெசின் தையலுக்கு முடிச்சு ஏது? பின்னால் வைத்திருந்த துண்டும் வேறு தோல், சப்பாத்து நாக்கு மாதிரி ஒன்று. அந்த நிமிசமே எனக்குத் தெரியும். இது கொம்பனி தைத்தது இல்லை. கிழிந்த இடத்தை யாரோ பொத்தியிருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. தையல் பழகின கை இல்லை அது. ஒரு குத்துப் பெரிது, ஒரு குத்துச் சின்னது. நூல் அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறான். விரலில் குத்தியும் இருப்பான். அவனே தைத்திருக்கிறான், அந்தப் பிளேன் ஓட்டினவன். எங்கேயோ குளிரில், ஒரு கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, தாய்க்கும் எழுதாமல், தன் கோட்டைத் தானே பொத்தியிருக்கிறான். ஐந்து வருடமாக அந்தக் கோட்டுகளுக்குள் ஒரு மனிதன் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. அன்றைக்குத்தான் என் கைக்கு ஒருவன் தட்டுப்பட்டான். எனக்கு அவன் மேல் கோபமாக இருக்க முடியவில்லை. கோபம் வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

மாஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தடி தள்ளித்தான் நின்றார். "அத்த சொல்றதுக்கு நான் கீறேன்மா" என்றது காதிலேயே இருந்தது. சொல்லவில்லை.

நாற்பது கோட்டு. நாற்பது நல்ல தோலில், நல்ல விலாத் துண்டை வெட்டி, வெட்டினதைப் பொத்தி, கோணல் கோணலாக நானே தைத்தேன். நேராகத் தைப்பதைவிடக் கோணலாகத் தைப்பது கஷ்டம். எனக்கு அதிலும் ஒரு பெருமை இருந்தது. இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

4

பங்குனியில் சரக்குப் பார்க்க ஏஜெண்ட் வந்தார். முதல் கோட்டை மேசையில் விரித்தார், காலரைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சிரித்தார். இடது கையைத் தூக்கினதும் சிரிப்பு நின்றது. இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். பிறகு முதலாளியிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். முதலாளியின் முகம் விழுந்து போயிற்று.

"பாய், இது டிசைன் இல்ல. அந்த ஆளு கோட்டு கிழிஞ்சிருக்கு, தச்சுப் போட்டிருக்கான். நாம நாப்பது கோட்ட கிழிச்சு தச்சு வச்சிருக்கோம்."

எங்கேயோ ஒரு பெண் வாய்க்குள் சிரித்தாள், ஸ்டெல்லா அவளைக் கிள்ளினாள்.

"அட்டை போட்டது யாரு?" என்று முதலாளி தெரிந்துகொண்டே கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் மாஸ்டர்.

"இருபது வருஷ சர்வீஸ்னு சொன்னீங்க."

மாஸ்டர் கையில் இருந்த சாக்குக்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி கெட்டவர் இல்லை, அவருக்கும் அந்த ஓடர் போனால் கொட்டகையே போய்விடும். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள், திங்கட்கிழமை வேறு மாஸ்டர் வருவார் என்று, எங்களைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வியாழன்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். சொன்னதும் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"நீ போய் சொல்லப் போறியா? இன்னாம்மா நீ! மொதலாளி கோவத்துல ஸ்டேசன்ல எதுனா சொல்லிட்டா? நீ வேலைக்குப் போறதே அங்க யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா வம்பு."

"அந்த மனுசன் வேலை போகப்போகுது பிள்ளை."

"நீ அட்டை போட்டியா? இல்லல்ல? கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும்னு நீதான சொன்ன? உன்ன யாரு கேட்டா?"

என் வாயால் போட்ட பாடம். அதை அவள் எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். நான் பிள்ளைக்குப் பாதுகாப்புச் சொல்லிக் கொடுத்ததாக நினைத்திருந்தேன். பக்கத்தில் நிற்கிற மனிதன் விழுகிறபோதும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்க முதல் முதலாளியின் அறைக்குப் போனேன். மாஸ்டரும் அங்கே நின்றார், அளவுப் புத்தகங்களை ஒப்படைத்துக்கொண்டு. நல்லது, இரண்டு பேருக்கும் ஒரேயடியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"முதலாளி, அது பொத்தினது எண்டு எனக்கு முதலே தெரியும். உள்ளுக்குக் கையை விட்டுப் பாத்தனான். முடிச்சு இருந்தது. நான் சொல்லேல்லை."

"தெரியுமா? எப்ப?"

"முதல் கோட்டுத் தைக்க முதல்."

"தெரிஞ்சும் நாப்பது தச்சீங்களா? ஏம்மா?"

அகதி, பயம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார், இரங்கியும் இருப்பார். பாதி உண்மையும்கூட. ஆனால் பாதியைச் சொல்ல நான் அங்கே போகவில்லை.

"மாஸ்டர் என்னை எல்லாருக்கும் முன்னாலை பேசினவர். அந்த ரோசம். வேறை ஒண்டும் இல்லை. என்னை நிப்பாட்டுங்கோ. அவரை நிப்பாட்டாதேங்கோ. அட்டை எடுக்கிறவருக்கு வெளிப்பக்கம்தான் தெரியும். உள்பக்கம் பாத்தது நான்."

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டர்தான் பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"சார், ஒரு வாரம் குடுங்க. நாப்பது விலாத் துண்டு நான் வெட்டித் தரேன். அதே தோல்ல மிச்சம் கீது."

"மாத்தித் தைக்கறப்ப ஓரமெல்லாம் ரெண்டு ரெண்டு துளை வருமே பாய். சல்லடையாட்டம் ஆயிடும்."

"வராது" என்றேன் நான். "பழைய துளையிலையே ஊசி இறக்கலாம். மெசின் சில்லைக் கையாலை சுத்த வேணும்."

"நாப்பதுக்குமா?"

"ஓம்."

அவர் கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"அஞ்சு வருசமா ஒரே கூரைக்குக் கீழ துன்னுகினு கீறோம். நான் கத்துவேன், அது என் வாயி. அதுக்கோசரம் என்னை உழுந்துட்டுப் போன்னு உட்டுட்டியேமா."

நீங்க என்றுதான் கதைக்கிறவர். அன்றைக்கு முதல் தடவை நீ என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

5

ஒரு கிழமை என்றது பதினொரு நாளாயிற்று. மோட்டார் போடாமல், வலது கையால் சில்லைச் சுற்றி, ஒவ்வொரு துளையாக ஊசியை இறக்க வேண்டும். கண்ணாடிக்கு மேல் ஸ்டெல்லா தன்னுடைய பூதக்கண்ணாடியையும் தந்தாள். ஒரு துளை தவறினால் அந்தத் தோல் போயிற்று. மாஸ்டர் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வருவார். நிறம் பொருந்துகிறதா என்று வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். என் பக்கத்தில் வைப்பார். போவார். நானும் தலையை நிமிர்த்துவதில்லை. பதினொரு நாளும் எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

"இன்னா மாஸ்டர், புருசன் பொஞ்சாதி சண்டையா?" என்று ஸ்டெல்லா ஒருநாள் கேட்டுவிட்டாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அறுபது வயதுக்கு மேல், எனக்குத்தான் வாயை மூட முடியாமல் சிரிப்பு வந்தது.

மூன்று கோட்டுக்குத் தோல் போதவில்லை. முப்பத்தேழு போயிற்று. ஏஜெண்ட் ஓரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒப்பம் வைத்தார். முதலாளி சொன்ன வேறு மாஸ்டர் யாரும் வரவில்லை. என்னையும் வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. மன்னிப்பு என்று யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. இங்கே அப்படித்தான். வேலை தொடர்ந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். எனக்கு அது போதாமல் இருந்தது.

வசந்தி அந்தப் பதினொரு நாளும் சோறு ஆக்கி, சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை மூடி வைத்திருப்பாள். கடைசி நாள் என் வலது தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பயமா இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டாள். "பயம்தான்" என்றேன். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனியில் அடுத்த மாதிரிக் கோட்டு வந்தது. மயிர்க் காலர் வைத்தது, இன்னும் பழசு. அட்டைப் பெட்டியை மாஸ்டர் உடைக்கிற சத்தம் கேட்டது. வழக்கமாக நேரே தன் மேசைக்குத்தான் கொண்டு போவார். அன்றைக்கு நடந்து வந்து என் மெசின் மேல் வைத்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் வைத்தார்.

"பாத்து சொல்லுங்க."

கொட்டகையில் எல்லா மெசினும் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையதை நிறுத்தினேன். கழுத்தைப் பார்த்தேன், தோள் மூட்டு, கை, விலா இரண்டு பக்கமும், பையின் பின்பக்கம், ஓரம். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். எல்லாம் மெசின் தையல். ஒரு முடிச்சும் இல்லை.

"இதிலை ஒண்டும் இல்லை மாஸ்டர்."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தன்."

அவர் கோட்டை எடுக்கவில்லை. பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.

"இன்னொரு தபா பாருங்கமா. அவுசரமில்ல, நான் இங்கதான் குந்திகினு கீறேன்."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்து திரும்பத் தொடங்கினேன்.